ஆலிவர் கானும் மதுரைக் கீப்பர்களும்

வெள்ளி, மதுரை

இந்தத் தடவை மதுரைக்கு வந்தது கால்பந்து கீப்பர்களைப் பார்ப்பதற்காக. இங்கே ஒரு மாஸ்டர் கீப்பர்களுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி கொடுக்கிறார், அவரிடம் வருகிற பத்து வயதுப் பையன்கூட ஆலிவர் கானின் கதையை வரிசை மாறாமல் சொல்வான் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். கான் விளையாட்டை விட்டது 2008இல். அப்போது இந்தப் பையன்களில் ஒருவர்கூடப் பிறந்திருக்க மாட்டார்கள். துணிக்கடை வாசலெல்லாம் மெஸ்ஸி ஜெர்சி தொங்குகிற ஊரில் ஒரு பழைய ஜெர்மன் கீப்பர் எப்படி வேர் பிடித்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை. நானும் கல்லூரியில் போஸ்ட்டுக்கு நடுவே நின்றவன். கான் என்றால் எனக்கும் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் சொன்ன நேரத்துக்கு இறக்கிவிட்டது. டவுன்ஹால் ரோட்டில் அறை, இட்லி, கொஞ்சம் தூக்கம். வெயில் தாழ்ந்ததும் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போனேன். எம்.ஜி.ஆர் விளையாட்டரங்கம் என்பதுதான் பெயர், ஆனால் ஆட்டோக்காரரிடம் ரேஸ்கோர்ஸ் என்று சொன்னால்தான் சட்டென்று புரிகிறது. நடைப்பயிற்சிக்காரர்கள், ஓட்டப்பந்தயப் பிள்ளைகள், போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் என்று ஒரே கூட்டம். மாஸ்டர் கேலரிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். கை கொடுத்தார். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் முழுதாக நிமிரவில்லை, நடுக்கணுவில் மடிந்தே நிற்கின்றன. பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அது பழைய மேட்ச் தம்பி, காரைக்குடியில. கட்டுப் போட நேரமில்ல, ஒரு துணியச் சுத்திட்டு ஆடுனேன்" என்றார். பேச்சு அந்த விரலில் இருந்தே கானுக்குப் போய்விட்டது. 2002 இறுதிப் போட்டியில் கானுக்கும் வலது கை மோதிர விரலில்தான் அடி, தசைநார் கிழிந்தது.

2002 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. உலகக் கோப்பை ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்ததால் நம் ஊருக்குச் சௌகரியமான நேரம். யோகோஹாமாவில் நடந்த இறுதிப் போட்டி நமக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு. மாஸ்டர் செல்லூரில் ஒரு சைக்கிள் கடையில் பார்த்திருக்கிறார். கடைக்காரர் கலர் டிவியை வெளியே ஸ்டூல் மேல் வைத்துவிட்டார், தெருவே கூடிவிட்டது.

"எல்லாரும் பிரேசில் பக்கம். நான் ஒருத்தன்தான் ஜெர்மனி. ஜெர்மனின்னு சொல்றதே தப்பு, நான் கான் பக்கம்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த ஜெர்மனி அணியைப் பெரிய அணி என்று அன்று யாரும் சொல்லவில்லை. முந்தைய வருஷம் செப்டம்பரில்தான் சொந்த மண்ணில், மியூனிக்கில், இங்கிலாந்திடம் 5-1 என்று தோற்றிருந்தார்கள். அந்த ஐந்தும் கானைத் தாண்டிப் போனவைதான். அப்புறம் உலகக் கோப்பைக்கு வந்தால், சவூதி அரேபியாவை 8-0 என்று அடித்த முதல் ஆட்டத்துக்குப் பிறகு எல்லாமே இழுபறி. பராகுவேயை 1-0, அமெரிக்காவை 1-0, தென்கொரியாவை 1-0. மூன்று நாக்அவுட் ஆட்டங்களில் ஆட்டத்துக்கு ஒரே கோல், மிச்சமெல்லாம் கான். இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆறு ஆட்டங்களில் அவர் வாங்கியது ஒரே ஒரு கோல், அதுவும் அயர்லாந்தின் ராபி கீன், தொண்ணூறு நிமிடம் முடிந்து சேர்க்கிற காயநேரத்தில் அடித்தது. அமெரிக்காவுக்கு எதிரான காலிறுதியை முடிந்தால் தேடிப் பாருங்கள். லேண்டன் டோனவன் அன்று கோல் அடிக்காமல் போனதற்கு ஒரே காரணம் எதிரே நின்ற ஆள்.

அந்த இறுதிப் போட்டியில், 67ஆவது நிமிடம். ரிவால்டோ பாக்ஸுக்கு வெளியிலிருந்து தாழ்வாக அடித்தார். நேராகக் கானிடம் வந்த பந்து. பிடித்தார், நழுவியது. பிரேசிலின் ரொனால்டோ பாய்ந்து வந்து தட்டிவிட்டார். 79ஆவது நிமிடத்தில் அதே ரொனால்டோ இன்னொன்று. 2-0. ஆட்டம் முடிந்த பிறகு கான் போஸ்ட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் எழவில்லை.

"தெருவே வெடி போட்டுச்சு தம்பி. நான் அந்த டிவி முன்னாடியே நின்னேன். கேமரா அவரையேதான் காமிச்சுச்சு. அன்னைக்குத்தான் அவரு என் ஆளு ஆனாரு. ஜெயிச்சிருந்தா ஒருவேளை மறந்திருப்பேன்."

போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான கோல்டன் பால் கானுக்குத்தான் கிடைத்தது. உலகக் கோப்பை வரலாற்றில் அதை வாங்கிய ஒரே கீப்பர் இன்று வரை அவர்தான். அதைச் சொன்னபோது மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த விருதைப் பற்றி அவருக்கு அவ்வளவாக அக்கறை இல்லை என்று பட்டது.

சனி, மதுரை

காலை ஆறு மணிக்குப் பயிற்சி. ஒரு பள்ளி மைதானம், சரளை கலந்த செம்மண். பதினைந்து பதினாறு பிள்ளைகள், எல்லாருமே கீப்பர்கள். கால்பந்துப் பயிற்சிக்குப் போய் ஒரு ஃபார்வர்டுகூட இல்லாத கூட்டத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

முதல் அரை மணி நேரம் பந்தையே தொடவிடவில்லை. காலை மட்டும் நகர்த்த வேண்டும். பக்கவாட்டில் சின்னச் சின்ன அடிகள், குதிகால் தரையில் படக்கூடாது, கால்கள் ஒன்றோடொன்று பின்னக் கூடாது. டைவ் அடிப்பது கடைசி வழி, கால் போய்ச் சேர்ந்துவிட்டால் டைவே தேவையில்லை என்பது மாஸ்டரின் பாடம். அப்புறம் கை. இரண்டு கட்டை விரலும் பந்துக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒட்டி நிற்க வேண்டும், மற்ற விரல்கள் விரிய வேண்டும். பந்து உள்ளங்கையில் "டப்" என்று சத்தம் போட்டால் தப்பு, சத்தம் வராமல் உட்கார வேண்டும். பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டே அடுத்தவன் பிடித்தது சரியா என்று சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு வந்த பயிற்சிதான் என்னை அப்படியே நிறுத்தியது. "யாருடா இன்னைக்கு ரொனால்டோ?" என்று மாஸ்டர் குரல் கொடுத்தார். ஒரு பையன் ஓடிப்போய்ப் பெனால்டி புள்ளிக்குப் பக்கத்தில் நின்றான். மாஸ்டர் தூரத்திலிருந்து தாழ்வாக, கீப்பருக்கு நேராக அடிக்கிறார். கீப்பர் நழுவவிட்டால் "ரொனால்டோ" அதை உள்ளே தள்ளலாம். யோகோஹாமாவின் அந்த 67ஆவது நிமிடத்தை மதுரையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் இருபது முப்பது தடவை ஆடிப் பார்க்கிறார்கள்.

நேராக வருகிற தாழ்ந்த பந்து பார்ப்பவர்களுக்குச் சுலபம் மாதிரித் தெரியும். உண்மையில் கீப்பரைக் காலி செய்கிற பந்து அதுதான். உட்கார்ந்து பிடிப்பதா, விழுந்து பிடிப்பதா என்று முடிவெடுக்க அரை நொடிகூட இல்லை. அந்த நேரத்தில் உடம்பு முழுதும் பந்துக்குப் பின்னால் வந்தாக வேண்டும். முன்னங்கைகள் பந்துக்கு அடியில் போய் அதை நெஞ்சோடு அள்ள வேண்டும், விழுவதும் முன்பக்கமாகப் பந்தின் மேலேயே விழ வேண்டும். பின்பக்கம் விழுந்தால் பந்து தெறித்து எதிராளி காலடிக்கே போகும். பிடிக்க முடியாது என்று தெரிந்தால் பக்கவாட்டில் தட்ட வேண்டும், எந்தக் காரணம் கொண்டும் முன்னால் தட்டக் கூடாது. சரளைக்கல்லில் முன்பக்கம் விழுவது சும்மா இல்லை. ஒரு பையனின் முழங்கையில் பழைய சிராய்ப்பு காய்வதற்குள் அதன் மேலேயே புதுசு.

கிளவுஸ்தான் எல்லாருக்கும் தீராத பாடு. ஐந்நூறு ரூபாய் கிளவுஸ் இந்த மண்ணில் ஒன்றரை மாதம் தாங்கினால் பெரிது. உள்ளங்கைப் பக்கத்து நுரை ரப்பர் பொரிப் பொரியாக உதிர்கிறது. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய சொல்யூஷனை ஐஸ்குச்சியால் தடவி, உரிந்த இடத்தில் இன்னொரு பழைய கிளவுஸின் துண்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஓரத்தைப் பல்லால் கடித்துச் சமன் செய்தாள். காயும் வரை இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்தபடியே மற்றவர்களின் ஷாட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இடைவேளையில் கதை. நண்பர் சொன்னது உண்மைதான், பிள்ளைகளே மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். கான் பிறந்தது 1969இல் கார்ல்ஸ்ரூவில். அப்பா ரோல்ஃபும் அதே ஊர் அணிக்கு ஆடியவர். 1987 நவம்பரில் முதல் லீக் ஆட்டம், கோல்ன் அணிக்கு எதிராக, 4-0 தோல்வி. ("நாலு!" என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து கத்தினார்கள். அவர்களுக்கு மிகவும் பிடித்த இடம் இது.) 1993இல் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூஃபா கோப்பையில் ஸ்பெயினின் வலன்சியாவிடம் 3-1 தோற்றுவிட்டு, ஊருக்குத் திரும்பி வந்த ஆட்டத்தில் அதே வலன்சியாவை 7-0 என்று முடித்தது. 1994இல் பேயர்ன் மியூனிக் கிளப்புக்குப் போனது. போன சில மாதங்களிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து படுத்தது. ஜெர்மனி அணியில் 1994, 1998 இரண்டு உலகக் கோப்பைக்கும் போய் ஒரு நிமிடம்கூட ஆடாமல் பெஞ்சில் இருந்தது. முதல் கீப்பராக இடம் கிடைத்தபோது வயது இருபத்தொன்பது.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை எவ்வளவு தேவை என்று அங்கே உட்கார்ந்து கேட்டபோதுதான் விளங்கியது. பள்ளி அணியில் கீப்பர் இடம் ஒன்றுதான். ஃபார்வர்டு என்றால் ஆள் மாற்றி இறக்குவார்கள், கீப்பருக்கு மாற்றாக இருப்பவன் வருஷம் பூராவும் தண்ணீர் பாட்டில் தூக்க வேண்டியதுதான். அந்த மாற்று ஆட்கள்தான் மாஸ்டரிடம் அதிகம் வருகிறார்கள்.

சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் பருத்திப்பால் குடித்துவிட்டுச் சீக்கிரம் படுத்தேன்.

ஞாயிறு, திண்டுக்கல்

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். வாடிப்பட்டி தாண்டியதும் சிறுமலை கூடவே வரும். மதுரை மாவட்டத்தை விடத் திண்டுக்கல்லில் கால்பந்து ஆழமாக இருக்கிறது என்று மாஸ்டரே ஒத்துக்கொண்டார். அவருடைய பழைய அணி நண்பர்கள் அங்கே வாராவாரம் கூடுகிறார்கள், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் அணிக்கு ஏழு பேராக ஆடுகிற செவன்ஸ் ஆட்டம். அதைப் பார்க்கத்தான் போனோம்.

அங்கே கானுக்கு எதிர்ப்பு. அதுவும் பலமாக. எண்பதை நெருங்கும் ஐயா ஒருவர், மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லைனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்ததும், "கீப்பர் பத்தி எழுதணும்னா தங்கராஜப் பத்தி எழுதுய்யா. அந்த வெள்ளக்காரன் எதுக்கு?" என்றார்.

பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் 1935இல் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்கு ஆடியவர். தொடக்கத்தில் சென்டர் ஃபார்வர்டு, பிறகுதான் கீப்பர். மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக்கிற்குப் போனவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய இந்திய அணியின் கீப்பர். அன்று ஸ்டேடியம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. 1967இல் அர்ஜுனா விருது. கல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடினார். வெலிங்டன் பாரக்கில் ஐயா சேர்ந்த காலத்தில் தங்கராஜ் அங்கே இல்லை, ஆனால் கதைகள் இருந்தன. கோல் கிக்கை நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போடுவார் என்று ஐயா கையை நீட்டிக் காட்டினார்.

"அந்த ஆளு யாரையாச்சும் கடிச்சானா? எட்டி மிதிச்சானா?"

இது கானுக்கு வைத்த குத்து. 1999 ஏப்ரலில் டார்ட்மண்ட் அணியுடனான ஆட்டத்தில் கான் செய்தது ஐயாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அன்று எதிரணியின் ஷாபுயிசாவை நோக்கி இரண்டு காலையும் தூக்கிப் பாய்ந்தார். இன்னொரு எதிராளி ஹெர்லிச்சின் கழுத்தருகே வாயைக் கொண்டுபோனார். படங்கள் இன்றும் சுற்றுகின்றன. மாஸ்டர் பதில் பேசவில்லை. எனக்கும் அதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. எதிராளிக்குக் காயம் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைக் கோபக்காரர், வீரர் என்றெல்லாம் பூசி மெழுகுவது சரியில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் ஜெர்மனியில் கானை எப்படி நடத்தினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எதிரணி மைதானங்களில் குரங்குச் சத்தம் எழுப்பினார்கள், போஸ்ட்டுக்குள் வாழைப்பழம் வீசினார்கள். 2000 ஏப்ரலில் ஃப்ரைபர்க் மைதானத்தில் கூட்டத்திலிருந்து வந்த கோல்ஃப் பந்து தலையில் பட்டு ரத்தம் வழிந்தது. எட்டு முறை லீக் கோப்பை, ஆறு முறை ஜெர்மன் கோப்பை வாங்கிய ஒருவரை அந்த நாட்டில் பாதிப் பேர் வெறுத்தார்கள்.

என் எண்ணம் இதுதான், ஐயாவிடமும் இதைத்தான் சொன்னேன். கானுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது கோப்பைகள். அவரை மனதுக்கு நெருக்கமாக்கியது தோல்விகள். 1999 மே மாதம் பார்சிலோனாவில், ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் இறுதி. பேயர்ன் தொண்ணூறு நிமிடம் வரை 1-0 என்று முன்னால் இருந்துவிட்டு, காயநேரத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். அப்புறம் யோகோஹாமா. இந்த இரண்டு தடவையும் அவர் எதையும் சாக்காகச் சொல்லவில்லை. யோகோஹாமாவில் விரல் கிழிந்திருந்தும் அதைக் காரணமாக்க மறுத்துவிட்டார். அவரைத் திட்டியவர்களே அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். செல்லூர் சைக்கிள் கடைவரை அவரைக் கொண்டுவந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஐயா கேட்டுக்கொண்டார். "சரி, தோத்துட்டு நிக்கத் தெரிஞ்சவன்கிற. ஒத்துக்கறேன். ஆனா தங்கராஜ் பேரையும் சேர்த்துப் போடு." சேர்த்துப் போட்டுவிட்டேன் ஐயா.

மத்தியானம் சீரகச் சம்பா பிரியாணி. செவன்ஸ் ஆட்டம் 3-3.

திங்கள், அழகர்கோவில் சாலை, காரியாபட்டி

காலையில் அழகர்கோவில் சாலையில், அப்பன்திருப்பதிக்குக் கொஞ்சம் தள்ளி, ஊர்ப் பையன்கள் ஆடுகிற மைதானம். இங்கே கீப்பருக்குப் பட்டப்பெயர் "பதினெட்டாம்படி". மலையடிவாரத்தில் அழகர் கோயில் வாசலைக் காக்கிற பதினெட்டாம்படிக் கருப்புக்குச் சிலை கிடையாது. சாத்திய கதவுக்குத்தான் சந்தனம் சாத்திக் கும்பிடுகிறார்கள். பையன் போஸ்ட்டை அடைத்துக்கொண்டு நிற்கும்போது "ஏ பதினெட்டாம்படி, தொறந்துராத!" என்று நண்பர்கள் கத்துகிறார்கள். கானை ஜெர்மனியில் "டைட்டன்" என்பார்கள். எனக்கு இந்த ஊர்ப் பெயர்தான் அவருக்கு இன்னும் பொருந்துகிறது.

மத்தியானத்துக்கு மேல் காரியாபட்டிப் பக்கம். 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்ற சேது எஃப்.சி இந்தப் பகுதி அணிதான். இறுதிப் போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றார்கள். அதற்குப் பிறகு இங்கே பெண் பிள்ளைகளைக் கால்பந்துக்கு அனுப்பத் தயங்குகிற வீடுகள் குறைந்திருப்பதாக மாஸ்டர் சொன்னார். அவரிடம் பழகிய பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இப்போது இங்கே ஆடுகிறாள். கானைப் பற்றி அவளுக்குப் பிடித்தது எது என்று கேட்டேன். யோகோஹாமா என்று சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"மிலன், அண்ணா. பெனால்டி முடிஞ்ச பிறகு."

2001 மே 23, சான் சீரோ மைதானம், சாம்பியன்ஸ் லீக் இறுதி, மறுபடியும் வலன்சியா. 1-1, பெனால்டி. கான் மூன்றைத் தடுத்தார்: சஹோவிச், கார்போனி, கடைசியாகப் பெல்லெக்ரினோ. பேயர்ன் 25 வருடத்துக்குப் பிறகு ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. சக ஆட்டக்காரர்கள் எல்லாரும் துள்ளிக்கொண்டிருந்தபோது, கான் அழுதுகொண்டிருந்த வலன்சியா கீப்பர் கனியிசாரிடம் போய் அவரைத் தேற்றினார். அதற்காக ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா அவருக்கு நன்னடத்தை விருதும் கொடுத்தது.

"போன வருஷம் மாநில மேட்ச்ல நாங்க பெனால்டில ஜெயிச்சோம். நான் அந்தப் பக்கத்துப் பிள்ளைகிட்டப் போனேன். என்ன பேசறதுன்னே தெரியல, சும்மா பக்கத்துல உக்காந்தேன். அவ என் கிளவுஸ வாங்கிப் பார்த்து, இது எங்க வாங்குனன்னு கேட்டா. அப்புறம் அதப் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம்."

மூன்று பெனால்டியைத் தடுப்பதை யாரும் போய்க் கற்றுக்கொள்ள முடியாது. இதைக் கற்றுக்கொள்ளலாம், அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். டார்ட்மண்டில் பாய்ந்த அதே ஆள்தான் இரண்டு வருடத்தில் மிலனில் அப்படி நடந்துகொண்டார் என்பதைத் திண்டுக்கல் ஐயாவிடம் சொல்லியிருக்கலாம். அடுத்த தடவை சொல்கிறேன்.

செவ்வாய், மதுரை

இரவு ரயில். அதற்கு முன் மாஸ்டர் கல்கத்தா கதையைச் சொல்வதாக முதல் நாளே சொல்லியிருந்தார். கீழவாசல் பக்கம் ஜிகர்தண்டா வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

கல்கத்தாவுக்கு முன்னால் 2006ஐச் சொல்ல வேண்டும் என்றார். சொந்த நாட்டில் உலகக் கோப்பை. பயிற்சியாளர் கிளின்ஸ்மன் முதல் கீப்பராக லேமனைத் தேர்ந்தெடுத்தார். நான்கு வருடத்துக்கு முன் உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரராக இருந்தவர் பெஞ்சுக்குப் போனார். விலகிவிடுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள், லேமனுக்கும் அவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். கான் விலகவில்லை. அர்ஜென்டினாவுடனான காலிறுதி பெனால்டிக்குப் போனபோது, புல்தரையில் உட்கார்ந்திருந்த லேமனிடம் நடந்து போய்க் கை கொடுத்தார். லேமன் இரண்டைத் தடுத்தார், ஜெர்மனி வென்றது.

"அது என்ன தேதி தெரியுமா? ஜூன் 30. யோகோஹாமா நடந்த அதே தேதி" என்றார் மாஸ்டர். அவருக்குத் தேதிகள் மேல் ஒரு பிடிப்பு. மூன்றாம் இடத்துக்கான போர்ச்சுகல் ஆட்டத்தில் கானை இறக்கினார்கள், 3-1. ஜெர்மனிக்காக அவர் ஆடிய 86ஆவது ஆட்டம், கடைசி ஆட்டமும் அதுதான்.

2008 மே. பேயர்ன் ஆசியச் சுற்றுப்பயணம் வருகிறது, கானின் கடைசிக் கிளப் ஆட்டம் கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில், மோகன் பகானுக்கு எதிராக என்று செய்தி வந்தது. மாஸ்டரும் இன்னொரு பழைய கீப்பரும் கிளம்பிவிட்டார்கள். சென்னை வரை ஒரு ராத்திரி, அங்கிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸ். வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "உண்மையத்தான் சொன்னேன். அவ 'போயிட்டு வாங்க, இல்லாட்டி ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டே இருப்பீக'ன்னா."

மே 27. லட்சம் பேருக்கு மேல் கூட்டம். அவர்கள் இருந்த இடத்திலிருந்து கான் முகம் தெரியவில்லை, நடையை வைத்துத்தான் அடையாளம் கண்டாராம். பேயர்ன் 3-0 என்று வென்றது, கானுக்குப் பெரிதாக வேலையே இல்லை.

"பந்து அந்தப் பக்கமே கெடந்துச்சு. நான் பந்தப் பாக்கல, அவரு காலையேதான் பார்த்தேன். நட்பு ஆட்டம், கடைசி ஆட்டம், பந்து வரவே இல்ல. அப்பவும் பந்து போற பக்கமெல்லாம் அடியெடுத்து வச்சுக்கிட்டே இருந்தாரு தம்பி. டிஃபன்ஸ்காரங்களத் திட்டிக்கிட்டே இருந்தாரு. ரெண்டாவது பாதியில வெளிய கூப்பிட்டுட்டாங்க. மொத்த ஸ்டேடியமும் எந்திரிச்சிருச்சு. வங்காளத்துக்காரங்க அழுகுறாங்க, நாங்களும் அழுகுறோம்."

திரும்பி வந்த அந்த வருஷமே கீப்பர்களுக்குத் தனிப் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். காலை முதல் அரை மணி நேரம் பந்தைத் தொடவிடாமல் கால்களை மட்டும் நகர்த்த வைப்பது எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. அதே 2008 நவம்பரில் பீட்டர் தங்கராஜ் பொகாரோவில் காலமானார். அதையும் மாஸ்டர்தான் நினைவுபடுத்தினார்.

கான் பின்னாளில் பேயர்ன் கிளப்புக்கே தலைமைச் செயல் அதிகாரி ஆனார், 2021இல். 2023இல் அணி லீக்கை வென்ற அன்றைக்கே பதவியிலிருந்து நீக்கினார்கள். அதுவும் மே 27. மாஸ்டர் இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. பிள்ளைகள் அந்த வாரம் ரொம்பவும் வருத்தப்பட்டார்களாம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "என்ன சொல்றது? சனிக்கிழம ஆறு மணிக்கு வாங்கடான்னேன்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மதுரை, திண்டுக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கீப்பர் கிளவுஸ் இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போட வேண்டாம். உங்கள் ஊரில் கீப்பர் நிற்கிற பிள்ளை யாராவது இருப்பார்கள், அவர்களிடம் கொடுங்கள். ஒட்டுப் போடவாவது ஆகும். பெரியவர்கள் அளவு எப்படியாவது கிடைத்துவிடுகிறது, சின்ன அளவுகளுக்குத்தான் தட்டுப்பாடு, அதிலும் 5, 6.